தையலில் நுழைந்த வெயில்

இன்று காலை புதுத் தார்ப்பாய்க் கட்டைப் பிரித்தேன். மெழுகும் தாருமாக நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

தென்காசியில் என் கடைக்கு வருகிறவர்கள் மழையைச் சொல்லித்தான் தார்ப்பாய் கேட்பார்கள். குற்றாலத்துப் பழக்கடைக்காரர்கள், புளியறை லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். நீங்கள் மட்டும், "எனக்குப் பகல்லயே இருட்டு வேணும் அண்ணாச்சி" என்றீர்கள். மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் பொருத்துவதற்காக, மங்கலான நட்சத்திரத்தின் துளி வெளிச்சத்தையும் எண்ணும் கருவி ஒன்றைப் பண்பொழி வீட்டு மாடியில் வடிவமைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் நோய்க்கு வைத்தியமும் ஒரு பக்கம் நடந்தது. "நான் நடமாடும்போதே அது மலைக்குப் போயிரணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள்.

நான் தொழில் வழக்கப்படி தார்ப்பாயைத் தொட்டில் போலக் கட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சொட்டவில்லை. "பொட்டு வெளிச்சம் நுழையாதும்மா, நான் பொறுப்பு" என்றேன்.

மாடியில் அதைக் கூடாரமாகக் கட்டிய இரண்டாம் நாளே, கருவியில் வெளிச்சத்தை உணரும் கண்ணாடிக் குழல் வீணாய்ப் போனது. மின்சாரம் ஓடும்போது சிறு வெளிச்சம் பட்டாலும் அது தாங்காதாம். "நான் மழைக்குத்தானம்மா சொன்னேன்" என்று கூசாமல் பேசினேன். நீங்கள் சண்டை போடவில்லை. "உள்ள வாங்க" என்று கூப்பிட்டு மறைப்பை இழுத்து மூடினீர்கள். தையல் நெடுக வெயில் புள்ளி புள்ளியாக எரிந்தது. நனைந்தால் நூல் உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் திறந்தே கிடக்கும். இத்தனை வருஷம் விற்றவன், ஒரு நாளும் அதற்குள் நின்று பார்த்ததில்லை.

"குத்தாலத்துல இத்தன நட்சத்திரம் பாத்திருக்கீங்களா?" என்று சிரித்தீர்கள்.

"இன்னொரு குழல் இருக்காம்மா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு, ரப்பர் பசையும் கறுப்புத் துணியுமாக ஒவ்வொரு தையலையும் நானே ஒட்டினேன். நாற்காலியில் சாய்ந்தபடி, "அங்கன ஒண்ணு மினுங்குது அண்ணாச்சி, வியாபாரி கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்று வேலை வாங்கினீர்கள். பிறகு இரண்டாவது குழலைப் பொருத்தினீர்கள். வெளிச்சத்தை எண்ணிக் காட்டும் திரையில் எண்கள் மெல்ல அடங்கின, ஆனால் முழுதாக நிற்கவில்லை. நான் பதறியதைப் பார்த்து என் கையைத் தட்டினீர்கள். "இது உங்க தப்பில்ல. முழு இருட்டுலயும் இது தன்னால கொஞ்சம் எண்ணும்."

கருவி மலைக்குப் போனது. நன்றாக வேலை செய்கிறது என்று சேதி வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் கண்மூடினீர்கள்.

இப்போதெல்லாம், "மழைக்குச் சரி, வெளிச்சத்துக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லித்தான் விற்கிறேன். "அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டுடே" என்று பழக்கடைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் தார்ப்பாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தையலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.