தவக்காலத்தில் விட்ட மாத்திரை

லிங்கராஜபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

தோஹா வெயிலை ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் பெர்னார்டுக்கு, குளோரியா அன்போடு எழுதுவது. நானும் நம் ஷெரினும் இருக்கிறோம். நீங்கள் சுகமா? உங்கள் தொப்பை சுகமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் "மாத்திரை எவ்ளோ கொறைஞ்சிருக்கு?" என்று கேட்டதும் நான் ஏதாவது கிண்டல் பண்ணித் தப்பித்துவிடுகிறேன். எதிர்வீட்டு டெரிக் லீவு முடிந்து அங்கே வருகிறான். ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள், ஊறுகாய் எங்கேயும் ஓடாது.

தவக்காலத்தில் நடந்ததை ஷெரின் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். தெருவில் எல்லாரும் கறியை விட்டார்கள். டெரிக்கின் அம்மா சீரியலை விட்டார். நான் அதைவிடப் பெரிதாக விட வேண்டும் என்று, மனசுக்குச் சாப்பிடும் மாத்திரையை விட்டேன். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, அன்றைக்கே மொத்தமாக. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைப்பு. ஷெரினுக்குச் சம்பந்தம் பேச வருவதற்குள் வீட்டில் மாத்திரையே இருக்கக் கூடாது என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஒறுத்தலில் ஆண்டவருக்கும் திருப்தி, உங்களுக்கும் திருப்தி.

அந்த வாரமே தலையைத் திருப்பினால் சுரீர் என்று கரண்ட். ஏசி ரிப்பேரில் நீங்கள் வாங்குவீர்களே அதேதான், ஆனால் மண்டைக்குள். வாந்தி. நடந்தால் தரை ஆடுகிறது. இட்லி மாவைப் பார்த்தாலும் அழுகை. ஷெரின்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா கன்னடக்காரர், ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுகிறார். "ஏன்மா, அந்த மாத்திரைய குடுன்னு உங்க ஜீசஸ் கேட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ நான் சொல்றவரைக்கும் நீயும் குடுக்காதே" என்றார்.

மறுபடி ஆரம்பித்து, இப்போது அவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் வேர்வை, கெட்ட கனவு, அந்தக் கரண்ட் எல்லாம் குட்டியாக வந்துவிட்டுப் போகிறது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன். கடைக்கார வைஷ்ணவி, "அக்கா, இந்தக் கஸ்டமருக்கு ரைட் கையே இல்லியா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கப்புறம் தையல் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன். சிரிக்கிறதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது, என்னங்க.

போன ஞாயிறு நீங்கள் போனில் அதையே கேட்டுவிட்டு வைத்ததும், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனேன். ஷெரின் பார்த்துவிட்டாள். "அப்பாவுக்காகவாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அட்டையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

முழுதாக நிறுத்த எவ்வளவு நாள் ஆகும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். ஒரு சின்ன அளவிலேயே நின்றுவிடலாம், தேவைப்பட்டால் கூட்டவும் செய்யலாம் என்கிறார். அவசரப்பட்டால் பழைய வியாதியே திரும்பி வரலாமாம். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டாம். அன்றைக்கு மேம்பாலத்துக் கைப்பிடியிலிருந்து என் கையைப் பிரித்து எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தது நீங்கள்தான். இப்போதும் அந்த வழியாக நான் தனியே போவதில்லை.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பந்தக்காரர்கள் வரும் நாளில் நான் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் அவர்களுக்குக் காபி கொடுப்பேன். அவர்கள் கேட்டால் மறைக்கப்போவதில்லை. ஷெரினும் அப்படியே சொல்லச் சொல்கிறாள். நீங்கள் லீவு போட்டு வந்து, நான் அதைச் சொல்லும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூட வேண்டாம்.

உங்கள் உடம்பை மாதா பார்த்துக்கொள்ளட்டும். என் உடம்பை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன். மெதுவாகத்தான் முடியும். அவசரப்படுத்தாதீர்கள், என்னை மெதுவாக விட விடுங்கள்.

உங்கள்
குளோரியா