கடைசிப் பெயர் இல்லாதவர்கள்

மார்ச் 12, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. ஜகார்த்தாவில் எனக்கு இது நான்காவது நோன்பு. நான்கிலும் பேரீச்சம்பழத்தைத் தனியாகத்தான் தின்கிறேன். பக்கத்து அறைப் பெண்ணின் பெயர்கூட இன்னும் தெரியாது.

பெருநாளுக்கு எங்கள் ஊர் வோனோகிரிக்குப் போகும் தொழிற்சங்கத்தின் இலவசப் பேருந்துக்கு இன்று காலையிலேயே பதிவு செய்தேன். இந்த வருடமாவது அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும். பதிவு செய்யும் புரோகிராம் அவர்களுக்காக எங்கள் நிறுவனத்தில் நானே எழுதியது.

மார்ச் 15

தொழிற்சங்கத்தார் டேட்டாபேஸை மாற்றச் சொல்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் வேண்டாம், தங்களிடம் இருக்கும் ஆரக்கிள்தான் வேண்டுமாம். என் குழுத் தலைவர் சிதோருஸ் அலட்டிக்கொள்ளவில்லை. "வார்தினி, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நடுவுல மொழிபெயர்க்க ஓஆர்எம் இருக்குல்ல. எந்த டேட்டாபேஸ் வந்தாலும் அதோட பாஷையில அதுவே பேசிக்கும். ஒரு வரிய மாத்து, வீட்டுக்குப் போ."

என் நோன்புக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கிறார். வாசனை வந்துவிடுகிறது.

மார்ச் 18

ஒரு வரிதான். ஓடுகிறது. இன்று யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 25

பட்டியல் வந்துவிட்டது. இருக்கைகள் நிரம்பிவிட்டன. என் பெயர் இல்லை.

சரி, கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு வாரம் பின்னால் பதிந்தவருக்கு எப்படிக் கிடைத்தது?

மார்ச் 26

கண்டுபிடித்தேன். ஐயோ.

நாங்கள் சோதித்துப் பார்க்கப் போட்ட போலிப் பதிவுகளுக்கெல்லாம் கடைசிப் பெயர் "சோதனை". அது அல்லாதவர்களை எடு என்று எழுதியிருந்தேன். என்னைப் போல ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. பழைய டேட்டாபேஸுக்குக் காலி என்பதும் ஒரு பதில். ஆரக்கிளுக்குக் காலி என்றால் "தெரியாது". தெரியாத பெயர் "சோதனை"யா, இல்லையா? அதுவும் தெரியாது. அதனால் எடுக்கவில்லை. பாஷையோடு அர்த்தமும் மாறியதை ஓஆர்எம் எனக்குச் சொல்லவே இல்லை. நானும் பார்க்கவில்லை.

என்னோடு சேர்த்து முப்பத்தொன்பது பேர். போனிமின், சுகியெம், கஸான்... எல்லாம் எங்கள் ஜாவாக்காரர்கள். ஒருவரும் புகார் செய்யவில்லை. கிடைக்கவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்கள், நேற்று நான் இருந்த மாதிரி. இப்போதும் நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 27

சொல்லிவிட்டேன்.

சிதோருஸ் பாதாக் இனத்தவர். "எங்க ஆளுங்களுக்குப் பொறக்கும்போதே குலப்பேரும் ஒட்டிக்கிட்டு வந்துடும். அந்தக் கட்டம் காலியா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். பிறகு, "ஒரு வரின்னு சொன்னவன் நான். திட்டு வாங்குறதும் நானே" என்று தொழிற்சங்கத்துக்குக் கிளம்பினார்.

மார்ச் 30

இன்னொரு பேருந்து கிடைத்தது. மற்ற முப்பத்தெட்டுப் பேரையும் நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டி தள்ளும் போனிமின் சிரித்தார்: "கடைசிப் பேரு இல்லன்னு விட்டுப்போச்சா? எங்கப்பா ஒண்ணுதான் வச்சாரு. உனக்குமா?"

"எனக்கும் ஒண்ணுதான், ஐயா."

"அப்ப நீயும் நம்ம வண்டிதான்."

ஒரே நாளில் இத்தனை பேரிடம் பேசி வருடக்கணக்காகிறது. தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 6

காலை ஏழு மணி. ஓட்டுநர் பட்டியல் வாசித்தார். போனிமின். சுகியெம். கஸான். வார்தினி.

"இருக்கேன்" என்றேன். மீதிப் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. போனிமின் எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு வைத்திருந்தார்.