முத்திரை பொய் சொல்லாது

ஜூலை 3

என் தபால்துரைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சேர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. வெள்ளத்தில் பாலம் மூழ்கிவிட்டதாம். பாதி வழியில் ரயிலை நிறுத்தி, எங்களைப் பேருந்தில் ஏற்றி, ஒரு துறைமுக ஊரில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். மூன்று நாள் காத்திருக்க வேண்டுமாம்.

பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முதன்முதலில் வேலை கேட்டு எழுதிய பல்செட்டுப் பட்டறை இதே ஊரில்தான் இருக்கிறது. இரண்டு வருடமாகியும் ஒரு வரி பதில் போடாத மகராசர்கள். நாளைக்குப் போய் அந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். அப்புறம் நகரத்துக்குப் போய், ஆறு மாதத்தில் பீங்கான் பல் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பிவிடுவேன். அதுவரை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூலை 18

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதமும், பின்னாலேயே வந்த அட்டையும் கிடைத்தன. 'கொஞ்சம் தாமதமாகும், கவலை வேண்டாம்' என்று அட்டையில் ஒரே வரி. வாய் ஓயாமல் பேசுகிறவள் ஒரு வரியில் நிறுத்தினால் எனக்குக் கவலை வராதா?

ஆறாம் தேதியே ரயில் ஓடத் தொடங்கிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. உன் அட்டையில் பத்தாம் தேதி முத்திரை, அதுவும் துறைமுக ஊர் முத்திரை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆள் பொய் சொல்லலாம், முத்திரை பொய் சொல்லாது. அங்கே உனக்கு என்ன வேலை? அந்தப் பட்டறைக்குப் போனாயா? யாரிடம் பேசினாய்? பழைய சங்கதியைக் கிளறாமல் நகரத்துக்குக் கிளம்பு.

"உங்க வீட்டம்மா போய்ச் சேர்ந்தாச்சா?"ன்னு எதிர்வீட்டு அக்கா கேட்டாங்க. ஆச்சுங்கன்னு சொல்லிவச்சேன். உன்னால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கணவன்

ஜூலை 29

அன்புள்ள உங்களுக்கு,

ஒளிக்க ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு பெண்மணி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் மாதிரிக்குக் கொண்டுபோன பல்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைவாய்ப் பல்லை யாரு செதுக்கினது?" என்றார். நான்தான் என்றேன். பக்கத்து மேசையிலிருந்த மெழுகையெல்லாம் ஒதுக்கி, உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பீங்கான் வேலையை இங்கேயே கற்றுத் தருகிறார்கள், கற்கும்போதே சம்பளமும் உண்டு. நகரத்துப் பயிற்சிக்கூடத்துக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டேன். வழி தவறி வந்த ஊர்தான், ஆனால் மனசு இங்கேயே தங்கிவிட்டது. உங்களைக் கேட்காமல் முடிவெடுத்தது தப்பென்றால் திட்டுங்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் அலுவலகத்தில் வெளியூர்க் கடிதங்கள் தொலைவதுண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

வாயாடி

ஆகஸ்ட் 9

அன்புள்ள மனைவிக்கு,

தொலைவதா? பத்தொன்பது வருடமாகக் கடிதம் அடுக்குகிறேன். என் மேசையிலிருந்து ஒரு உறைகூடத் தொலைந்ததில்லை. நம் தெருவுக்கு வரும் கடிதம் எதுவும் என் கை படாமல் போகாது. மூன்று கடிதம் போட்டேன் என்று அந்தப் பட்டறைக்காரி கதை விட்டால் நம்பிவிடாதே.

எனக்கும் ஒரு சந்தேகம். நடத்துவது பெண்மணிதானா? ஊர் பேர் தெரியாதவளை வந்த அன்றைக்கே மேசை போட்டு உட்காரவைக்க யாருக்கு என்ன அவசியம்? உண்மையைச் சொல். நான் தாங்கிக்கொள்வேன்.

உன் கணவன்

ஆகஸ்ட் 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் தொலையுமா என்று மட்டும்தான் கேட்டேன். பட்டறையிலிருந்து கடிதம் போட்டார்கள் என்று நான் எழுதவே இல்லை. மூன்று என்றும் எழுதவில்லை.

இங்கே அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் பதிவேடு இருக்கிறது. முதல் நாளே அவர் எடுத்துக் காட்டினார். மூன்று தேதி, மூன்றிலும் நம் வீட்டு இலக்கம். அன்றைக்கே உங்கள்மேல் சந்தேகம் வந்தது. கட்டிய கணவனைச் சந்தேகப்படுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டு, அந்த ஒரு வரி அட்டையைப் போட்டேன். நகரத்துப் பயிற்சிக்கூடத்தின் பதில் மட்டும் எப்படி என் கைக்கு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த வாரம் அது.

கிழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அனுப்புங்கள். அவை என் கடிதங்கள். என்ன எழுதினோம் என்று அவருக்கே நினைவில்லையாம். "மூணாவதுல கொஞ்சம் கெஞ்சியிருப்பேன்" என்று சிரிக்கிறார்.

உங்கள் மனைவி

செப்டம்பர் 1

அன்புள்ள வாயாடிக்கு,

கிழிக்கவில்லை. அலுவலக இழுப்பறையின் அடியில் இருந்தன. அடுத்தவர் கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது.

உறைமேல் பட்டறையின் பெயரைப் பார்த்தேன். இவள் போனால் திரும்பமாட்டாள் என்று தோன்றிவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். இரண்டாவது வந்தபோது, முதலாவதுக்கு என்ன சமாதானம் சொல்வதென்று தெரியவில்லை. மூன்றாவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் எதையும் திறந்து படிக்கவில்லை. அது சத்தியம். இத்துடன் பதிவுத் தபாலில் மூன்றையும் அனுப்புகிறேன்.

வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பி வா. இல்லாவிட்டால் சொல், விடுப்புப் போட்டு நானே வந்துவிடுகிறேன்.

உன் கணவன்

செப்டம்பர் 14

உங்களுக்கு,

மூன்றும் கிடைத்தன. ஒட்டிய பசையைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை என்பது உண்மைதான். திறந்து படித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

முதல் இரண்டிலும் வேலை, சம்பளம், எப்போது வரலாம் என்ற விவரம்தான். மூன்றாவதில் இப்படி எழுதியிருக்கிறார்: 'கணவரை விட்டு வர உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். அவர் தபாலில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவிலுள்ள கப்பல் கம்பெனியில் தபால் அடுக்க அனுபவமுள்ள ஆள் தேடுகிறார்கள். அவருக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன். பட்டறை மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. இருவரும் சேர்ந்தே வாருங்கள்.'

படித்துவிட்டு, வேலை நேரம் என்றும் பாராமல் அழுதேன். கப்பல் கம்பெனியில் அப்போதே வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் என்றால் ஆறிவிடும். இனி நீங்கள் தரும் ஒவ்வொரு உறையையும் நான் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். அப்படி ஒரு வீட்டில் நம் இருவராலும் வாழ முடியாது.

நேற்று மாடிக்குக் குடிவந்தேன். நான் இருப்பது முதல் அறையில். இரண்டாவதை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.

நான்