நீ நேர்ந்துகொண்ட என் முடி

அம்மா,

இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, இப்போதுதான் தூங்கினாள். தூக்கத்தில் என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். வலித்தது. அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். கையோடு ஒரு முடிகூட வரவில்லை. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீ பார்த்த என் தலை வேறு. வகிடு அகலமாகி வெயிலில் மண்டை பளபளக்கும். கண்மையை வகிட்டில் தேய்த்துக்கொண்டுதான் கல்யாண வீடுகளுக்குப் போவேன். தலையில் கொட்டிய முடி முகவாயில் முளைத்தது. சினைப்பையில் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு, முடி கொட்டுவதும் குழந்தை தள்ளிப்போவதும் அதனால்தான் என்றார் டாக்டர். நீ நம்பவில்லை. எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு, அதுதான் தின்கிறது என்றாய். நம் ஊர் வரிச்சிக்குடியிலிருந்து இரண்டு கேன் தண்ணீரைக் காரைக்கால் பஸ்ஸில் ஏற்றினாய். அன்று நானும் கூட வந்தேன்.

"என்னக்கா, ஊரே காரைக்கால்லேருந்து சாராயக் கேன வெளிய கடத்துது, நீங்க உள்ள கடத்துறீங்க?" என்றார் கண்டக்டர்.

"சரக்குதான்யா. எம்பொண்ணு தலைக்கு ஊத்துற சரக்கு. ஒரு கிளாசு ஊத்தவா?"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணமாகி நான்காவது வருடம் நீ, அத்தை, நான் மூவரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னாய். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஒன் முடியத் தர்றதா வேண்டியிருக்கேன்."

"இருக்குற நாலு முடியையுமா? மொட்டையாம்மா, இல்ல நுனிய மட்டும் வெட்டிக் குடுக்குற பூமுடியா?"

"மொதல்ல புள்ள பொறக்கட்டும், அப்பறம் சொல்றேன். நட புள்ள."

பாப்பா பிறந்தாள். அதற்குப் பிறகு இருந்ததும் கொட்டியது. குளித்தால் ஜலதாரை அடைத்துக்கொள்ளும். வேண்டுதலை நினைவுபடுத்தினால், "இப்ப குடுக்க என்னாடி இருக்கு, மொளைக்கட்டும்" என்பாய். அவள் தவழத் தொடங்கிய மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். சொல்லாமலே போய்விட்டாய்.

பாப்பா பால் மறந்த பிறகுதான் டாக்டர் மாத்திரையும் தலையில் தடவும் மருந்தும் கொடுத்தார். முதல் சில வாரங்கள் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. இரவில் தலையணையைப் பார்த்து அழுதிருக்கிறேன். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் வகிட்டோரம் குட்டி முடிகள், விதை தெளித்த நாற்றங்கால் மாதிரி, நட்டுக்கொண்டு நின்றன. இப்போது பின்ன முடிகிறது அம்மா. ஒரு முழம் முல்லை நிற்கிறது.

அது அத்தை கண்ணிலும் பட்டுவிட்டது.

"முடிதான் நல்லா வந்துடுச்சேம்மா. வேண்டுதல முடிச்சிடலாம்ல? புள்ளைக்குக் காய்ச்சலு மேல காய்ச்சலா வருது. ஒங்கம்மா மொட்டைதான் வேண்டிக்கிட்டாங்க, நான் பக்கத்துலதான நின்னேன்."

"ஒங்க காதுல விழுந்துச்சாங்க அத்த?"

"விழுவணுமாக்கும்? புள்ள வரத்துக்கு யாராவது பூமுடி வேண்டுவாங்களா?"

அத்தை மேல் குற்றமில்லை. காய்ச்சல் நாட்களில் என்னைவிட அவர்தான் அதிகம் விழித்திருந்தார். இவரிடம் சொன்னால், "முடிதான, மொளைக்கும்" என்கிறார். மழித்தால் வேர் போகாது என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் இந்த நீளத்துக்கு வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகுமாம். முளைக்கும் என்பது எனக்கும் தெரியும். இன்னொரு தடவை காத்திருக்கத்தான் உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை. மறுபடியும் முந்தானை, மறுபடியும் கண்மை, பார்க்கிறவர்கள் வகிட்டைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பது.

காய்ச்சல் பருவ மாற்றத்தால் வருகிறது, பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. படித்தவள், இது தெரியாதா எனக்கு? ஆனாலும் அவள் உடம்பு அனலாகக் கொதித்தபோது என் வாயும் தானாக முணுமுணுக்கத் தொடங்கியது. "மாதாவே, இவ முடிய..." அதற்கு மேல் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் வளர்ந்து, என் தலை மாதிரி அவள் தலையும் ஆகிவிட்டால்? கொடுக்க வேண்டியது என்னவென்று தெரியாமல் அவளும் ஒருநாள் இப்படி உட்கார்ந்திருந்தால்? உன் சுருட்டை முடி எனக்கு வரவில்லை. பஸ்ஸில் தண்ணீர் சுமக்க வைத்த உன் பயம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது. கோபமில்லை அம்மா. அந்தப் பயத்தில் நீ என்ன கேட்டிருந்தாலும் எனக்குப் புரிகிறது.

வருகிற ஞாயிறு வேளாங்கண்ணிக்கு வேன் சொல்லியாகிவிட்டது. பூமுடி என்றால் நுனியைக் கொடுத்துவிட்டு வருவேன். மொட்டை என்றால் உட்கார்ந்துவிடுவேன், அழமாட்டேன். எனக்குச் சௌகரியமானதை நானே முடிவுசெய்துகொள்ளத்தான் பயம், பாப்பா விஷயம். என் கனவில் வந்து சொல். அத்தையின் கனவில் வந்தால் இன்னும் நல்லது, அவர் நம்புவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு அம்மா.