மூடியை இறுக்காதே

மார்ச் 2, ஞாயிறு

வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் பக்கத்தில் ஒரு ஊறுகாய் பாட்டில். உள்ளே ஊறுகாய் இல்லை. ஷாட் என்கிற ஏரி மீன், செத்தது, துண்டு துண்டாக, சாம்பல் நிறச் சாற்றில் மிதக்கிறது. தோல் உரிந்து, ஒரு கண் தனியாக... சீ. கையிலிருந்த ரொட்டியை அப்படியே குப்பையில் போட்டேன்.

கெளுத்தி பிடிக்கிற கார்ல் ஹாய்ட்டின் வேலை. ஏரியில் ஐஸ் உடைந்ததும், குளிரில் செத்த மீனெல்லாம் கரை ஒதுங்குமாம். அதைப் பொறுக்கி அழுகவிட்டால் கெளுத்திக்கு அதைவிட நல்ல இரை கிடையாதாம். அழுகட்டும், என் வீட்டில் ஏன்? ஆர்டித்தைக் கேட்டால், "அவர் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர்ண்ணே" என்கிறாள். புருஷன் போன பிறகு என்னோடு வந்து இருக்கிற தங்கை. இதுவரை யாருக்காகவும் இப்படிப் பரிந்து பேசியதில்லை.

ராத்திரி சாப்பிட வந்த ஹாய்ட், "மச்சான், அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றான். மச்சானா? யார் கொடுத்த உறவு?

மார்ச் 3

பாட்டிலை நகர்த்தின விரல். மூன்று தடவை சோப்பு போட்டும் நாற்றம் போகவில்லை.

மார்ச் 6

காப்பி ஊற்றிக்கொண்டே ஆர்டித் சொன்னாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை சர்ச் மீன் சாப்பாட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு இருக்கோம். ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம். நீ என்னண்ணே சொல்ற?"

"அந்த நாத்தத்தோட எப்படிடி ஒரே வீட்ல இருப்ப?"

"கார்ல் ரொம்பச் சுத்தம். நாள் பூரா வாயே திறக்க மாட்டார். நாத்தத்துக்கு ஜன்னலைத் திறந்துக்கலாம்ணே."

எனக்கு அந்த ஆள் புதிதில்லை. கடை வைத்திருந்த காலமெல்லாம் அவன் பிடரியைச் சவரம் பண்ணியவன் நான். எவ்வளவு வாசனைத் தைலம் தடவினாலும் அடியில் அதே கவிச்சி இருக்கும். அந்தத் தலை என் தங்கச்சி தலையணையிலா?

மார்ச் 8, சனி

அவன் இரை தோற்பதைப் பார்க்கத்தான் அவனோடு ஏரிக்குப் போனேன். என் இரை கடையில் வாங்கிய கோழி ஈரல், காகிதத்தில் பொதிந்து, சுத்தமாக.

ஊரில் எத்தனையோ துறை இருக்க, காற்று முகத்தில் அறைகிற கோடியில் கொண்டுபோய் நிறுத்தினான். காலடியில் முழுக்கச் செத்த மீன். மிதித்தால் வழுக்குகிறது. "காத்து எங்க தள்ளுதோ அங்கதான் பந்தி, மச்சான்."

"என் ஈரல் நேத்து வெட்டினது. ஃப்ரெஷ்."

"அதான் குத்தம். இந்தக் குளிர்ல விரட்டிப் பிடிச்சுத் தின்ன அதுக்குத் தெம்பு ஏது? பனியில செத்ததைத் தின்னு பழகிப்போச்சு. அந்த வாடைக்குத்தான் மெல்ல வரும்."

வந்தது. அவனுக்கு மட்டும். வாளி நிறைய. என் ஈரல் முள்ளிலேயே வெளுத்துப்போனது.

நடுவில் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் சாண்ட்விச்சைப் பிட்டு நீட்டினான். பசியில்லை என்றேன். பசி உயிரை எடுத்தது.

திரும்பும்போது பாட்டிலை என்னிடம் கொடுத்தான். "மூடியை மட்டும் இறுக்கிடாதீங்க. உள்ளே காத்து சேரும். தொட்டில் பிள்ளைக்கும் தெரியும் இந்த ஊர்ல." தெரியுமப்பா. நானும் இந்த ஊர்தான்.

மார்ச் 13

வெயில் வந்துவிட்டது. பாட்டில் பின்வாசலில், மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது. சமையலறை, என் சட்டை, படுக்கை, எல்லாம் நாறுது. எல்லாம். எத்தனை நாளுக்குத்தான் பொறுக்கறது? போய் மூடினேன். பலம் கொண்ட மட்டும் திருகினேன்.

தெரிந்தே செய்தேனா? நாற்றம் தாங்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மார்ச் 14, வெள்ளி

விடிகாலையில் இரண்டு பேரும் சர்ச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கப் போனார்கள், ஆர்டித்தின் காரில், ஹாய்ட் ஓட்ட. பாட்டில் அவள் காலடியில், ஹீட்டர் பக்கம். பாதி வழியில் வெடித்துவிட்டது. கண்ணாடி குத்தாதது அவள் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் அவள் மேல். முடியில், மடியில், அந்த நீலக் கோட்டில். இன்றைக்கென்றே வாங்கி வைத்திருந்த கோட்டு.

கழுவி, ஈரத்தோடு அதையே போட்டுக்கொண்டு வந்தாள். சர்ச் கூடத்தில் பக்கத்து மேசைப் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரோ கேட்டார்கள், "எவன்யா மூடியை இறுக்குனது?"

"நான்தான். மறந்து தொலைச்சிட்டேன்" என்றான் ஹாய்ட்.

கூடமே சிரித்தது. "நேத்துத்தான் தூண்டில் பிடிச்சியா ஹாய்ட்?" இனி சாகும்வரை அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஐம்பது வருஷமாகக் கெளுத்தி பிடிக்கிறவன் அந்தத் தப்பைச் செய்வானா? அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

ஆர்டித் அந்தக் கோட்டோடேயே எழுந்து நின்று கல்யாணச் செய்தியைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் தட்டில் பொரித்த மீன் ஆறிக்கிடந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். மீனால் இல்லை.

மார்ச் 15

அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்ணே" என்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 28

சனிக்கிழமை கல்யாணம் முடிந்தது. இன்று மீதிப் பெட்டிகளையும் எடுத்துப் போனாள். ஃபிரிட்ஜைச் சோடா மாவு போட்டுக் கழுவினேன். வெண்ணெய், பால், அரை எலுமிச்சை. ஒரு வாடையும் இல்லை. சாயங்காலம் மறுபடி திறந்து மோந்து பார்த்தேன். இல்லை.

அடுத்த வருஷம், மார்ச் 7, சனி

நேற்று ஏரியில் ஐஸ் உடைந்தது. ஹாய்ட்டுக்கு முழங்கால் ஆபரேஷன், சறுக்குகிற கரையில் இறங்கக் கூடாதாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே இறங்கிப் பொறுக்கினேன். இரண்டு தடவை ஓங்கரித்தேன். கருமம், இந்த ஜன்மத்தில் பழகாது.

வெண்ணெய்க்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. வைத்துவிட்டுப் போன் பண்ணினேன்.

"மாப்ளே, நாளைக்குப் போகலாம். நீங்க கரை மேல நாற்காலி போட்டு உக்காந்துக்குங்க. மூடியை லூசாத்தான் வச்சிருக்கேன்."