ஒரு ஓரத்தில் மட்டும் பசை

மாமி,

இன்று பள்ளிக்கூடம் விட்டு உங்கள் சட்டத்தரணிக் கந்தோருக்குப் போனேன். பசைப் போத்தலின் மூடி இறுகிக் கிடந்தது. சுடுதண்ணீரில் பிடித்துத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருப்பது போலவே இருந்தது. நீங்கள் தவறிப்போய் ஏழு மாதம்.

உங்களிடம் தொழில் பழகிய சுபா அக்காதான் இப்போது கந்தோரை நடத்துகிறார். புதிய திருத்தச் சட்டம் ஒன்றை அச்செடுத்து வைத்திருந்தார்.

"பிள்ளை, இதை ஒட்டிவிடுறியோ? மாமியின்ரை புத்தகங்களுக்கு உன்ரை கைதான் பழக்கம்."

சட்டம் மாறும்போதெல்லாம் புதிய வாசகத்தை வெட்டி, புத்தகத்தில் பழைய பிரிவின் மேல் ஒட்டுவது நம் வழக்கம். நீங்கள் வாசிப்பீர்கள், நான் வெட்டுவேன், நீங்கள் ஒட்டுவீர்கள். ஒரேயொரு முறை, நீங்கள் வழக்குக்குப் போயிருந்த நாளில், நானே ஒட்டினேன். மூலை கிளம்பாதபடி தாள் முழுவதும் பசை பூசி, அகராதியை மேலே வைத்து அழுத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு றீற்றா அக்காவின் வழக்கு வந்தது. கொழும்புத்துறையில் அவர் பிள்ளைகளோடு இருக்கும் வீட்டைக் கணவரின் தமையன் தன்னுடையது என்றார். வீட்டு உறுதிப் பத்திரம் திருத்தத்துக்கு முந்தியது என்பதால் பழைய பிரிவுதான் அதற்குப் பொருந்தும். அதை நீதிபதிக்கு வாசித்துக் காட்டப் புத்தகத்தைத் திறந்தீர்கள். பழைய பிரிவு என் பசைக்கு அடியில் கிடந்தது.

"என்ன, சட்டத்துக்குக் காயமோ? பிளாஸ்ரர் போட்டிருக்கு" என்று எதிர்ப்பக்கச் சட்டத்தரணி சிரித்தாராம். நீதிபதி மதிய இடைவேளை முடியும்வரை அவகாசம் கொடுத்தார்.

அது விடுமுறைக் காலம். நான் கந்தோரில் இருந்தேன். கறுப்புக் கவுணோடு வந்து புத்தகத்தை என் முன்னால் விரித்தீர்கள்.

"ஒட்டினது ஆர்?"

"நான்தான் மாமி."

இணையத்தில் தேடிப் பார்த்தேன். திருத்திய வாசகம்தான் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் தண்ணீர்க் கேத்திலை அடுப்பில் வைத்தீர்கள். ஆவிக்கு மேலே புத்தகத்தைப் பிடித்தவர் உங்களோடு வந்திருந்த றீற்றா அக்கா.

"பிட்டு மாதிரி அவிஞ்சு போகாதோ, மிஸ்?"

"அவிஞ்சாலும் பரவாயில்லை. வாசிக்க ஏலுமெண்டாக் காணும்."

றீற்றா அக்கா சிரித்தார். புத்தகத்தை ஆவிக்கு இன்னும் கிட்டப் பிடித்தார்.

தாள் மெல்ல மெல்லக் கழன்றது. பழைய பிரிவின் ஒரு சொல் மட்டும் கிழிந்து அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. புத்தகத்தையும் தாளையும் சேர்த்துக் கொண்டு ஓடினீர்கள். நீதிபதி இரண்டையும் பொருத்தி வாசித்தாராம். மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வீடு றீற்றா அக்காவுக்கே என்றானது. அடுத்த நாள் காலை ஒரு பை நண்டோடு வந்து நின்றார்.

புத்தகத்தோடு ஓடிய அந்த நாளின் பின்னேரம்தான் நீங்கள் என்னிடம் கதைத்தீர்கள்.

"புதுசை ஒட்டினது பிழையில்லை, பிள்ளை. பழைய சட்டத்தை நம்பிக் கையெழுத்து வைச்ச சனம் இன்னும் இருக்குதுகள். அதுகளையும் சேர்த்தெல்லோ மூடிப்போட்டாய். ஒரு ஓரம் ஒட்டினாக் காணும்."

இன்றைய திருத்தமும் அதே பிரிவுக்குத்தான், மாமி. ஆவி பட்ட பக்கம் இன்னும் நெளிந்தே இருக்கிறது. கிழிந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில், "ஆவியில் கழன்றது" என்று ஒரு குறிப்பு. ஒட்டியது யார் என்று எழுதவில்லை.

புதிய தாள் சரியாக உங்கள் எழுத்தின் மேல்தான் விழுகிறது. இடது ஓரத்தில் ஒரு கோடு அளவுக்குப் பசை பூசி வைத்தேன்.

"உவ்வளவு கொஞ்சமாப் பூசினா விழாதோ?" என்றார் சுபா அக்கா.

"விழாது அக்கா."

பசை காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். இருந்தீர்கள்.