வடக்கு அறைக்கும் சேர்த்து

எலிசேயோ,

அக்காவைப் பார்க்கக் காஸ்த்ரோவுக்குப் போகிறேன். மாலைப் பேருந்தில் வருவேன். உருளைக்கிழங்கு ரொட்டி அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாகவே தின்னு.

மர ஓட்டுக்காரர் பால்தோமேரோ மதியம் வருவார், எத்தனை ஓடு வேண்டும் என்று கேட்பார். நேற்று என் தம்பி முன்னால் கயிறும் கையுமாக நின்று நீ செய்த பிரசங்கத்தை அவரிடமும் செய்யாதே. "ஓட்டுல மூணுல ஒரு பங்குதான் வெளிய தெரியும், மச்சான். மீதி மேல் வரிசைக்கு அடியில. மூணு மடங்கு வாங்கணும்!" கணக்கு சரிதான், பேராசிரியரே. ஆனால் வடக்கு அறையை அளக்காமலே கயிற்றைச் சுருட்டிவிட்டாய். "ஆளில்லாத அறைக்கு எதுக்குப் புது ஓடு?" என்றாய். அங்கே ஆளில்லாமல் போனது யார் வாயால் என்று தம்பி முன்னால் நான் கேட்கவில்லை.

மழை அடிக்கிற பக்கமே அதுதான். அதையும் அளந்து, உடைவதற்குக் கொஞ்சம் கூட்டிச் சொல், கிழவா.

ரோசால்பா

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை யெசேனியா புந்தா அரேனாசிலிருந்து போன் செய்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடிவாதத்தில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள், உன் மகள். போனை வைக்கும்போது மட்டும், "என் கட்டில் மேல இன்னும் ஒழுகுதாம்மா?" என்றாள். "அதுக்குத்தான் அப்பா கூரை மேல ஏறியிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஏணி கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது.